பன்னிரண்டாவது டின்

ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த டின்னைக் காணவில்லை.

திரைச்சீலையை ஒதுக்கிப் பார்த்தேன். உருண்டு விழுந்திருக்குமோ என்று மண்டிபோட்டு சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். போன வருஷம் வீட்டையே இரண்டாக்கித் தேடிய கத்தரிக்கோல் கிடைத்தது. டின் கிடைக்கவில்லை. மற்ற நாளாயிருந்தால் கத்தரிக்கோலுக்காகச் சந்தோஷப்பட்டிருப்பேன். அன்றைக்கு அதை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தேன்.

அது கெட்டுப்போன டின். காலையில் நானே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து ஒதுக்கி வைத்தது. நல்ல டின்னின் மூடியை அழுத்தினால் சுவரை அழுத்துகிற மாதிரி அசையாது. இது ‘டக்’கென்று உள்ளே போய், விரலை எடுத்ததும் மறுபடி ‘டக்’கென்று மேலே வந்தது. உள்ளே இருப்பது கெட்டு, காற்றாகி முட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தின்றால் வெறும் வயிற்றுப்போக்கோடு போகாது. எங்கள் தையல் ஃபாக்டரியில் எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவள் இப்படி ஒரு டின் மீனைச் சாப்பிட்டுவிட்டு, பார்க்கிறதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. அந்த மெஷினில் இப்போது வேறொருத்தி காலர் தைக்கிறாள்.

“இங்கே ஒரு டின் வச்சிருந்தேனே, பார்த்தீங்களா?”

என் கணவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். முதுகு பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகாமல் மூன்றாவது மாதம். எங்கள் கட்டடத்து லிஃப்டும் அவரோடு சேர்ந்து படுத்துக்கொண்டது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

“குவியல்ல போட்டுட்டேன்” என்றார், என்னைப் பார்க்காமல்.

“எந்தக் குவியல்ல?”

“பார்க்கல. ஏதோ ஒண்ணுல.”

“ஏன் போட்டீங்க?”

“நீ மறந்து வச்சுட்டேன்னு நினைச்சேன்.”

நான் எதையும் மறந்து வைக்கிற ஆள் இல்லை என்பது இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்தும் மனுஷனுக்குத் தெரியாதா? ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சாமானைப் பங்கு போட்டுக்கொண்ட நான்கு வீட்டிலும் அடுப்பு பற்ற வைக்கும் நேரம்.

எங்கள் கட்டடத்தில் என்னை நிதியமைச்சர் என்பார்கள். பாதி கிண்டல், பாதி மரியாதை. எந்தச் சாமானையும் பாக்கெட் விலையைப் பார்த்து வாங்க மாட்டேன், எடைக்கு என்ன விழுகிறது என்று மனசுக்குள் வகுத்துப் பார்த்துத்தான் வாங்குவேன். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நம்பி ஏமாறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பசியோடு கடைக்குப் போக மாட்டேன். அலமாரியில் கண்ணுக்கு நேராக இருப்பதை விட்டுவிட்டு, குனிந்து கீழ்த்தட்டில் இருப்பதைப் பார்ப்பேன். கடைக்காரன் எங்கே விலையை ஒளித்து வைப்பான் என்று எனக்குத் தெரியும், நான் எங்கே ஒளிந்திருப்பேன் என்று அவனுக்குத் தெரியாது.

கணவர் படுத்த பிறகு, ஃபாக்டரியிலும் ஓவர்டைமை வெட்டிய பிறகு, ஒரு யோசனை செய்தேன். மேல் மாடித் தபால்காரர், இரண்டாம் மாடி டாக்ஸிக்காரர் குடும்பம், தரைத்தளத்துச் சலூன்காரர், நாங்கள் என்று நான்கு வீடு சேர்ந்து மொத்தக் கடையில் வாங்குவது. மாவு மூட்டையாக, எண்ணெய் டின்னாக, சோப்பு பெட்டியாக. அலைவது நான். பங்கு போடுவது என் வீட்டு முன்னறையில். நான்கு குவியல் போட்டதும் தபால்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். நான் ஒரு குவியலைத் தொட்டு “இது யாருக்கு?” என்பேன். அவர் பாராமலே ஒரு வீட்டைச் சொல்வார். குறை சொல்ல யாருக்கும் வழியில்லை. சாமான் வாங்கும்போது காசில் மிச்சம் பிடிப்பது ஒரு கெட்டிக்காரத்தனம் என்றால், பங்கு போடும்போது பேர் கெடாமல் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரியது.

அந்த வாரம் மொத்தக் கடைக் கிடங்கில் லேபிள் கிழிந்த டின்கள் ஒரு பெட்டி கிடந்தது. மழையில் நனைந்து காகிதம் உரிந்துவிட்டது. உள்ளே பட்டாணியா, மீனா, அன்னாசியா என்று கடைக்காரனுக்கே தெரியாது. கால்விலைக்குத் தள்ளிவிட்டான். ஒவ்வொன்றையும் காதோரம் குலுக்கிப் பார்த்தால் எனக்கு ஓரளவு தெரியும்: தளும்பினால் பழம், கனமாகப் புரண்டால் மீன், சத்தமே இல்லையென்றால் தக்காளி. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு மூடியாக அழுத்தினேன். ஒன்றே ஒன்று கெட்டது. மீதியைப் பதினொன்று பதினொன்றாகக் குவித்தேன்.

கெட்டதை அப்போதே குப்பையில் போட்டிருக்கலாம். போடவில்லை. மறுபடி கிடங்குக்குப் போகும்போது காட்டினால் ஒரு டின் காசைக் கழித்துக்கொள்வான் என்று ஆசை. அதனால் ஜன்னலில் வைத்தேன். மற்றவர்கள் வந்தபோது அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ‘அமைச்சர் அழுகினதையும் வாங்கிட்டு வந்துட்டாங்க’ என்று சலூன்காரர் அடுத்த வாரம் முழுக்க ஒவ்வொரு தலைக்கும் சொல்லிச் சொல்லி வெட்டுவார். அதற்கு இடம் கொடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

மாவு மூட்டை மாடிப்படியின் கீழே கிடந்தது. பங்கு பிரிப்பதற்கு முன் அதைத் தூக்க எல்லோரும் இறங்கிப் போனோம். முன்னறையில் இருந்தது என் கணவர் மட்டும்தான்.

முதலில் எங்கள் பங்கை எடுத்து வைத்து எண்ணினேன். பதினொன்று. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் அழுத்தினேன். எல்லாம் கல்லு மாதிரி இருந்தது. அப்படியென்றால் மற்ற மூன்று வீடுகளில் ஏதோ ஒன்றுக்குப் பன்னிரண்டு போயிருக்கிறது.

“எங்கே ஓடறே?” என்றார் கணவர்.

“அந்த டின் விஷம்” என்றேன். அவர் முகம் எப்படி மாறியது என்று பார்க்க நான் நிற்கவில்லை.

முதலில் மேல் மாடிக்குத்தான் ஓடினேன். காரணம் இருக்கிறது. தபால்காரருக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு போய்விட்டது. பால் தீய்ந்தால்கூட அவருக்குத் தெரியாது, நாங்கள்தான் ஓடிப்போய் அடுப்பை அணைப்போம். மற்றவர்கள் அந்த டின்னைத் திறந்தால் நாற்றத்திலாவது தப்பிக்கலாம். அவர் முகர்ந்து பார்க்கவே மாட்டார். அதோடு விளக்கு வைக்கிற நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிற பழக்கம் வேறு.

லிஃப்டைத் திட்டிக்கொண்டே படியேறினேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் மேஜையில் தட்டை வைத்துக்கொண்டு முதல் கவளத்தை எடுத்துவிட்டிருந்தார்.

“சாப்பிடாதீங்க!”

கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. நான் தட்டைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் பாதி மேஜையிலும் பாதி அவர் மடியிலும் கொட்டியது.

“என்னம்மா இது?”

“ஒரு டின்... மாறிப்போச்சுங்க ஐயா. எந்த டின்னைத் திறந்தீங்க?”

விஷம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மாறிப்போச்சு என்று சொன்னேன். நாக்கு தானாகவே அப்படித் திரும்பிக்கொண்டது. அவர் சமையல் மேடையைக் காட்டினார். திறந்த டின்னை எடுத்து முகர்ந்தேன். அன்னாசி. மனுஷன் அன்னாசித் துண்டுகளை வெங்காயம், மிளகாய் போட்டு வதக்கி, சோற்றில் பிசைந்து வைத்திருந்தார். உருளைக்கிழங்கு என்று நினைத்திருப்பார் போல. நல்ல டின்தான். அலமாரியில் மீதி பத்து. பத்தையும் அழுத்தினேன். பத்தும் அசையவில்லை.

“ஒரு டின் மாறினதுக்கா தட்டைப் பிடுங்கினே?” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மடியில் விழுந்த சோற்றைப் பருக்கை பருக்கையாகப் பொறுக்கிக்கொண்டே, மெதுவாகச் சொன்னார்.

“வந்து சொல்றேன் ஐயா” என்று திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். அழுகை வந்தது, அதை அடக்கியதில் கோபம் வந்தது. கோபம் எனக்கு வசதி. அதை வைத்துக்கொண்டு எத்தனை மாடி வேண்டுமானாலும் இறங்கலாம்.

டாக்ஸிக்காரர் வீட்டில் இருட்டிய பிறகுதான் சாப்பாடு, சலூன்காரர் நேரங்காலம் பார்க்காமல் தின்கிறவர் என்பதால் இரண்டாம் மாடியைத் தாண்டி நேரே தரைத்தளத்துக்குப் போனேன். சலூன்காரர் ஒரு ஆளின் முகத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தார். வீடு கடைக்குப் பின்னாலேயே ஒரு அறை. மனைவி இல்லை, வாய் உண்டு.

“வாங்க அமைச்சரே! சலூனுக்கும் சலுகை விலை கேட்கவா வந்தீங்க?”

“அண்ணே, உங்களுக்கு எத்தனை டின் வந்துச்சு?”

“பதினொண்ணு. ஏன்?”

“ஒண்ணு மாறிப்போச்சு. பார்க்கணும்.”

“உள்ளேதான் இருக்கு, பாருங்க. ஒண்ணையும் இன்னும் திறக்கல.”

பின்னறைக்குள் போய் அவருடைய கட்டிலுக்கடியில் இருந்த பையை இழுத்துக் கொட்டினேன். எண்ணினேன், அழுத்தினேன். பதினொன்று. எல்லாம் நல்லது. நிமிர்ந்தபோது கத்தியைக் கையில் பிடித்தபடி அவர் வாசலில் நின்றார்.

“எது மாறிப்போச்சு? ஜன்னல்ல எடுத்து வச்சீங்களே, அதுவா?”

“பார்த்தீங்களா?”

“கண்ணு இருக்கே. நான் பார்த்தேன், மேல இருக்கிற டாக்ஸிக்காரர் சம்சாரமும் பார்த்துச்சு. மாவு மூட்டையைத் தூக்கிட்டு வந்து பார்த்தா ஜன்னல்ல காணோம். சரி, உள்ளே எடுத்து வச்சுட்டாங்கன்னு விட்டுட்டேன்.” குரலைத் தணித்துக்கொண்டார். “அதுல தப்பே இல்ல. வெயில்ல அலையறது நீங்க. சுமக்கறது நீங்க. ஒரு டின் கூடுதலா எடுத்துக்கிட்டா யாரு கேக்கப்போறா? நான் என்னைக்காவது கேட்டிருக்கேனா?”

நாற்காலியில் நுரையோடு இருந்தவன் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தான்.

கன்னத்தில் அறைந்திருந்தால் இத்தனை வலித்திருக்காது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, மூட்டையிலிருந்து சிந்திய மாவைக்கூட வழித்து நாலு பங்காகப் போட்டவள் நான். இவர் என்னைத் திருடி என்று முடிவு செய்து, பெருந்தன்மையாக மன்னித்தும் விட்டிருக்கிறார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். மன்னித்தவரை என்ன செய்வது?

அந்த நிமிஷத்தில்தான் இன்னொன்றும் உறைத்தது. என் கணவரும் ஜன்னலில் அந்த டின்னைப் பார்த்திருக்கிறார். அவர் அதைக் குவியலில் போட்டது நான் மறந்து வைத்ததாக நினைத்து அல்ல. நெஞ்சுக்குள் எதுவோ மளுக்கென்றது. அதைப் பார்த்துக்கொள்ள அப்போது நேரமில்லை. எங்களுக்குப் பதினொன்று, தபால்காரருக்குப் பதினொன்று, இவருக்குப் பதினொன்று. மிச்சம் ஒரே வீடு. அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள்.

ஓடினேன். “என்ன ஆச்சு, என்ன ஆச்சு” என்று சலூன்காரரும் தோளில் துண்டோடு பின்னாலேயே வந்தார். நுரைக்காரனை அப்படியே விட்டுவிட்டார்.

டாக்ஸிக்காரர் மனைவி கதவைத் திறந்தாள். என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பின்னால் மூன்று பிள்ளைகளும் தரையில் வட்டமாக உட்கார்ந்து தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டு மூன்றும் காலி. இன்னும் பரிமாறவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

“உனக்கு எத்தனை டின் வந்துச்சு?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்கு மேலாகச் சலூன்காரரைப் பார்த்தாள்.

“பதினொண்ணுதான் அக்கா.”

“நல்லா எண்ணினியா?”

“எண்ணாம இருப்பேனா? பதினொண்ணு. சத்தியமா.”

அடுப்பங்கரைக்குள் நுழைந்தேன். அலமாரியில் ஒன்பது டின். கழுவிக் கவிழ்த்த காலி டின் இரண்டு. அடுப்பில் கொதித்தது தக்காளி, நல்ல வாசனை. ஒன்பதையும் அழுத்தினேன். எல்லாம் கெட்டி.

வாங்கிவந்ததில் ஒன்று குறைகிறது. டின் காற்றில் கரைந்துபோகாது. யாரோ பொய் சொல்கிறார்கள். சலூன்காரரின் பையை நானே கொட்டிப் பார்த்தேன், ஆனால் முன்னாலேயே ஒன்றை எடுத்து வேறெங்காவது வைத்திருந்தால்? தபால்காரர் மத்தியானமே ஒன்றைத் திறந்து சாப்பிட்டிருந்தால்? காலி டின்னைக் குப்பையில் போட்டிருப்பார், நான் அங்கே பார்க்கவில்லையே. மறுபடி மேல் மாடிக்கு ஏறுவதா, இங்கேயே தோண்டுவதா?

“யோசிச்சுச் சொல்லு. பன்னிரண்டு இருந்துச்சா?”

“இல்லக்கா.” அவள் கண்ணால் எதையோ சொன்னாள். புருவத்தை லேசாகத் தூக்கி, ‘விடு’ என்கிற மாதிரி. எனக்குப் புரியவில்லை.

“அமைச்சரே, ஒரு டின்னுக்கு வீடு வீடா ரெய்டா?” என்றார் சலூன்காரர். “அந்தப் பொண்ணு சத்தியம் பண்ணுது. போகட்டும் விடுங்க. ஒரு டின்னுல நீங்க ஏழையாயிட மாட்டீங்க.”

அதோடு என் வைராக்கியம் எல்லாம் போயிற்று. பேராவது, மானமாவது.

“அது கெட்டுப்போன டின்!” என்று கத்தினேன். “நான்தான் வாங்கிட்டு வந்தேன். நான்தான் ஒதுக்கி வச்சேன். உங்ககிட்ட சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டுச் சொல்லாம விட்டேன். அது எப்படியோ குவியல்ல கலந்துடுச்சு. அதைத் தின்னா ஆளு பிழைக்கமாட்டாங்க. இப்போ சொல்லுங்க, யாருகிட்ட இருக்கு?”

பிள்ளைகள் தட்டைத் தட்டுவதை நிறுத்தினார்கள்.

டாக்ஸிக்காரர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா... எனக்குத்தான் பன்னிரண்டு வந்துச்சு. நீங்க பிள்ளைங்களுக்காக ஒண்ணு தனியா எடுத்து வச்சு, யாருக்கும் தெரியாம என் குவியல்ல போட்டீங்கன்னு நினைச்சேன். ஜன்னல்ல பார்த்தேனே. சலூன் அண்ணன் எதிர்ல சொன்னா உங்க பேரு கெட்டுடுமேன்னுதான்...”

“டின் எங்கே?”

“அவருக்குக் கொடுத்து அனுப்பிட்டேன்.”

டாக்ஸிக்காரர் சாயங்கால சவாரிக்குக் கிளம்பிப் போயிருந்தார். ரொட்டியும், ஒரு டின்னும், ஓப்பனரும் பையில். எங்காவது ஓரமாக நிறுத்தி, திறந்து, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவார். குலுக்கிப் பார்த்தபோது மீன் மாதிரி தெரிந்ததாம், அவருக்கு மீன் பிடிக்குமாம்.

போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். சவாரி இருக்கும்போது எடுக்கமாட்டார் என்றாள். சலூன்காரரும் தன் போனிலிருந்து போட்டார். அவசரத்தில் இருமுறை வேறு யாரையோ கூப்பிட்டுவிட்டார். நான் மெசேஜ் அடித்தேன்: ‘டின்னைத் திறக்காதீங்க. விஷம்.’ அனுப்பிவிட்டு, அதன் கீழே அவர் பார்த்ததற்கான அடையாளம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வரவில்லை.

அவர் எங்கே வண்டியை நிறுத்துவார் என்று கேட்டேன். ஒருநாள் ஸ்டேஷன் பக்கம், ஒருநாள் ஆஸ்பத்திரி வாசல், இன்ன இடம் என்று கிடையாது என்றாள். தேடிக்கொண்டு போகவும் வழியில்லை. கடைசிப் பிள்ளை பசிக்கிறது என்றது. யாரும் அசையவில்லை. அடுப்பில் தக்காளி அடிப்பிடிக்கத் தொடங்கியது, சலூன்காரர்தான் போய் அணைத்தார். எனக்குக் காலர் தைக்கிற அந்த மெஷின் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரு டின் காசு. கிடங்குக்காரனிடம் கழித்துக்கொள்ள நான் பத்திரமாக வைத்த ஒரு டின் காசு. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்த மூன்று முகத்தையும் நான் எந்த மாடிப்படியில் எதிர்கொள்வேன்?

போன் அடித்தது. அவள் எடுக்கும்போது கீழே தவறவிட்டாள். நான் பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“யாருக்கு என்னடி ஆச்சு, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே?”

“டின்னைத் திறந்துட்டீங்களா?” என்றேன்.

“யாரு, அமைச்சரா? நீங்க கொடுத்த டின்தானா அது? திறந்தேன், திறந்தேன்.”

அவள் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

“திறந்து?”

“திறந்து என்ன திறந்து! ஓப்பனரை ஒரு குத்து குத்தினேன், புஸ்ஸுன்னு சீறிக்கிட்டு மொத்தமும் வெளியே வந்துடுச்சு. சட்டை, சீட்டு, கண்ணாடி எல்லாம். வண்டி நாறுது. செத்த எலி தோத்துப்போகும். ரெண்டு நாளைக்கு எவனும் ஏறமாட்டான். இப்போதான் குழாயடியில நிறுத்தித் துடைச்சுக்கிட்டிருக்கேன்.”

“வாயில பட்டுச்சா? விரலை நக்கினீங்களா?”

“அந்த நாத்தத்துலயா? பைத்தியமா எனக்கு?”

டாக்ஸிக்காரர் மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் போனில் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், சட்டையைக் கழற்றுங்கள், அந்த டின்னை நாய் தொடாத இடத்தில் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். “சரி, சரி, சீட்டு உறையை யாரு துவைப்பா?” என்றார். நான்தான் என்றேன். அந்த நேரத்தில் வண்டியையே துவைக்கச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன்.

சலூன்காரர் துண்டால் தன் முகத்தைத் துடைத்தார்.

“அப்போ நீங்க அந்த டின்னை எடுத்துக்கலையா?” என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

“இல்ல.”

“இதுக்கு முன்னாடி?”

“ஒரு குண்டுமணி எடுத்ததில்ல.”

“அடடா” என்றார். அவர் முகத்தில் வெட்கத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது. இத்தனை நாள் என்னை மன்னித்துக்கொண்டிருந்த பெருமை போய்விட்டதல்லவா. பிறகு நுரைக்காரன் ஞாபகம் வந்து கீழே ஓடினார்.

வீட்டுக்குப் போய் எங்கள் சோற்றிலும் குழம்பிலும் பாதியை எடுத்துக்கொண்டு தபால்காரரிடம் ஏறினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, “முதல்லயே சொல்லியிருந்தா நானே தட்டைத் தள்ளி வச்சிருப்பேனேம்மா” என்றார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

டாக்ஸிக்காரர் திரும்பி வந்ததும் சீட்டு உறையைச் சுருட்டி என் வாசலில் போட்டுவிட்டுப் போனார். கோபம் ஒன்றுமில்லை, “அடுத்த தடவை லேபிளோட வாங்குங்க தாயே” என்று கும்பிட்டார். குளியலறைக் குழாயடியில் உட்கார்ந்து சோப்பைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க நாற்றம் கிளம்பியது. கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து கதவருகில் நின்றார்.

உறை தடித்த துணி, ஒரு ஆளால் பிழிய முடியாது. அவர் குனிய முடியாமல் குனிந்து மறுமுனையைப் பிடித்தார். நான் ஒரு பக்கம் முறுக்கினேன், அவர் ஒரு பக்கம்.

“ஏன் போட்டீங்க?” என்றேன்.

அவர் இன்னொரு முறுக்கு முறுக்கினார். “ஜன்னல்ல பார்த்தேன். நான் சம்பாதிக்காம உட்கார்ந்திருக்கேன். நமக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சுட்டியோன்னு... அவங்க கண்ணுல பட்டா உன்னை என்ன நினைப்பாங்க? அதான், அவங்க திரும்பி வர்றதுக்குள்ள போட்டுட்டேன். உனக்காகத்தான்.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“எப்படிக் கேக்கறது?” என்றார். பிறகு, என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, மனசாரத்தான் சொன்னார். “நீ எடுத்திருந்தாலும் நான் உன் பக்கம்தான் நின்னிருப்பேன். யார்கிட்டயும் விட்டுக்கொடுத்திருக்கமாட்டேன்.”

அன்றைக்கு என்னைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாக நினைத்திருந்தார்கள். மூன்று பேரும் நல்ல மனசோடுதான் நினைத்திருந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போய்விட்டது.

“எடுத்திருந்தா என் பக்கம் நின்னிருப்பீங்க” என்றேன். “நான் எடுக்கலையே. இப்போ யார் பக்கம் நிக்கறீங்க?”

நான் என் கையிலிருந்த முனையை விட்டுவிட்டேன். முறுக்கு அவிழ்ந்து, துணி தன் தண்ணீரையெல்லாம் அவர் கால்மேல் கொட்டிக்கொண்டு தொங்கியது. முதுகு வலியோடு அவர் அதைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.